காதில் தொங்கிய கையிருப்பு

எழுமலை, உசிலம்பட்டி, சேடபட்டி, பேரையூர் வட்டாரத்தில் ஒரு காலத்தில் தண்டட்டி போடாத கிழவியைப் பார்ப்பது அரிது. தோளைத் தொடும் அளவுக்கு வடிந்த காது, அதன் அடியில் பெட்டியும் உருண்டையுமாக ஆடும் தங்கம். அந்தத் தலைமுறையில் இன்று எஞ்சியிருப்பவர்கள் சிலரே. அவர்களுடைய படத்தை யாராவது பகிரும்போது பக்கத்திலேயே கென்யாவின் மாசாய் பெண் ஒருத்தியின் படத்தையும் ஒட்டி, இரண்டு காதுகளும் ஒன்றுபோல இருப்பதைச் சொல்லி வியப்பது வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் துணிந்தவர்கள் அங்கிருந்து குமரிக்கண்டத்துக்கே போய்விடுகிறார்கள். ஆப்பிரிக்காவோடு ஒப்பிடுவதில் தவறில்லை. ஒப்பிடத் தேர்ந்தெடுத்த ஆள்தான் தவறு. மாசாய் காதுக்கும் நம்மூர்க் காதுக்கும் உள்ள ஒற்றுமை தோலோடு நின்றுவிடுகிறது. தண்டட்டி என்ன வேலை செய்தது என்று கேட்டால், அதற்கு இணையைத் தேட வேண்டிய இடம் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாடு. அங்கே நைஜர் ஆற்றோர ஊர்களில் ஃபுலானிப் பெண்கள் போட்ட தங்கக் காதணியும் நம் தண்டட்டியும் உருவத்தில் கொஞ்சமும் ஒத்துப்போகாது. ஆனால் இரண்டுமே பெண் தன் பெயரில் வைத்திருந்த சொத்து. தண்டட்டியின் கதையை அழகின் கதையாகவோ 'ஆதிகால' வழக்கத்தின் கதையாகவோ சொல்லாமல் சொத்தின் கதையாகச் சொன்னால்தான், அது ஏன் அத்தனை காலம் நிலைத்தது, ஏன் இரண்டு தலைமுறைக்குள் காணாமல் போனது என்பது விளங்கும்.

முதலில் நகையைப் பார்ப்போம். திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் பாம்படம் என்பார்கள். மதுரைக்கு மேற்கே தண்டட்டி. வடிவம் மாறினாலும் செய்யும் முறை ஒன்றுதான். ஆசாரி தங்கத்தை மெல்லிய தகடாக அடித்து, சதுரம், உருண்டை, கூம்பு, தட்டு என்று தனித்தனியாக வளைத்து, பொடி வைத்து ஊதி ஒட்டுவார். உள்ளே கூடாக இருக்கும் இடத்தில் உருக்கிய அரக்கை நிரப்புவார். தகடு நசுங்காமல் அரக்கு தாங்கிக்கொள்ளும். பார்வைக்குக் கட்டித் தங்கமாகத் தெரியும். பூ, கொடி, மயில், தெய்வ உருவம் எதுவும் கிடையாது. கல் பதிப்பதும் இல்லை. வெறும் கோணங்களாலும் வளைவுகளாலும் ஆன இந்த நகையைப் பார்த்துவிட்டு, இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சிற்பிகளின் வேலைபோல இருக்கிறது என்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் மயங்குவதுண்டு. எனக்கு அதில் வேறொரு காரணம் தெரிகிறது. கல் வைத்த நகையை அடகுக்குக் கொண்டுபோனால் கல்லுக்கு எவ்வளவு கழிப்பது என்பதிலேயே வம்பு தொடங்கும். தண்டட்டியில் அரக்குக்கு ஒரு கணக்குக் கழித்துவிட்டால் மிச்சம் எல்லாம் தங்கம். வழவழப்பான பரப்பை உரைகல்லில் உரசிப் பார்ப்பதும் எளிது. அழித்து மறுபடி செய்தாலும் பெரிய சேதாரம் வராது. ஆசாரியின் ரசனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவருக்கு வேலை கொடுத்தவள் எதை எதிர்பார்த்துக் கொடுத்தாள் என்பதும் அந்த வடிவத்தில் பதிந்திருக்கிறது என்கிறேன்.

அந்த நகையைத் தாங்கும் காதை உண்டாக்குவதே தனி வேலை. சிறு வயதிலேயே காதைக் குத்தி, துளையில் பஞ்சைத் திணித்து, பிறகு சுருட்டிய ஓலையை வைத்து, அது விரிய விரியப் பெரிய சுருளாக மாற்றி, கடைசியில் ஈயத்தால் செய்த குணுக்கைத் தொங்கவிடுவார்கள். குணுக்கின் கனத்தில் காதுமடலின் அடிப்பகுதி கயிறுபோல இறங்கும். புண் வரும், சீழ் பிடிக்கும், சிலருக்கு அறுந்தும் போகும். இது ஏதோ ஒரு மூலையில் ஒளிந்திருந்த வழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்தால் சிவனுக்கும் உமைக்கும் காது வடிந்துதான் இருக்கிறது. ஆணும் பெண்ணும் மேலோரும் கீழோரும் பின்பற்றிய ஒன்று, காலப்போக்கில் ஆண்களிடமிருந்தும் நகரத்திலிருந்தும் விலகி, தென் மாவட்டங்களின் சில சாதிப் பெண்களிடம் மட்டும் தங்கியது. 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1906ல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகள் நூலில், காது வடிப்பதை உடலைக் கெடுத்தல், சிதைத்தல் என்ற தலைப்பின் கீழ் சேர்த்தார். மூக்கை அளந்து சாதிகளை வகைப்படுத்திய காலம் அது. அந்தக் கண் தோலைப் பார்த்த அளவுக்குத் தங்கத்தைப் பார்க்கவில்லை. ஆப்பிரிக்கப் பெண்களின் காதையும் உதட்டையும் கழுத்தையும் அதே காலத்து ஐரோப்பியர்கள் அதே கண்ணால்தான் பார்த்தார்கள். இன்று வியப்போடு பகிரப்படும் மாசாய் படமும் தண்டட்டிப் பாட்டியின் படமும் அந்தக் கண்ணின் வாரிசுகள்தான். இகழ்ச்சி மட்டும் பாராட்டாக மாறியிருக்கிறது.

தங்கத்தைப் பார்த்தால் என்ன தெரியும்? தாலியும் மெட்டியும் பூவும் பொட்டும் கணவனோடு வந்து கணவனோடு போகிறவை என்று வைத்திருந்த சமூகம் இது. தண்டட்டி அந்தப் பட்டியலில் இல்லை. பழைய படங்களில் வெள்ளைச் சேலை கட்டி, ரவிக்கை இல்லாமல், கழுத்து வெறுமையாக உட்கார்ந்திருக்கும் கிழவிகளின் காதைப் பாருங்கள்: தண்டட்டி அப்படியே இருக்கும். கணவன் செத்தான் என்பதற்காக யாரும் அதைக் கழற்றவில்லை. ஒரு நகை யாருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது சாட்சி திருமண முறை. பிரான்சு நாட்டு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1949-50ல் இந்த வட்டாரத்துப் பிறமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்வு செய்து 1957ல் பெரிய நூலாக வெளியிட்டார். மாப்பிள்ளை வீடு பரிசம் போடுவதும், அந்தப் பணம் பெண் வீட்டார் போடும் நகையாகப் பெண்ணோடு திரும்பி வருவதும், பிறகு காதுகுத்து, சடங்கு, சாவு வரை தாய்மாமன் செய்முறை தொடர்வதும் அவருடைய ஆய்வின் நடுப்பகுதி. மூன்றாவது, இது அறுத்துக் கட்டும் சமூகம். கணவனோடு ஒத்துவரவில்லை என்றால் தீர்த்துக்கொண்டு பெண் மறுமணம் செய்வதற்கு வழி இருந்தது. நிலம் பங்காளிகளுக்குள் போகும். வீடு ஆண் வழியில் போகும். எழுந்து போகிறவள் கையோடு எடுத்துப்போக எது இருக்க முடியும்? காதில் இருப்பதுதான்.

ஃபுலானிப் பெண்களின் நிலைமை நிலத்தாலும் மதத்தாலும் முற்றிலும் வேறு. அவர்கள் மாடு மேய்க்கும் முஸ்லிம் மக்கள். மொப்தி, ஜென்னே போன்ற ஊர்களின் பொற்கொல்லர்கள் ஒரே தங்கக் கட்டியை அடித்து, நான்கு மெல்லிய இதழ்களாக விரித்து, முறுக்கி, பிறை வடிவில் செய்த அந்தக் காதணியின் பெயர் குவொட்டெனாய் கன்யே. காதில் உறுத்தாமல் இருக்க மேல்வளையத்தில் சிவப்பு நூலைச் சுற்றுவார்கள். பெரிய ஜோடியாக இருந்தால் காது தாங்காது. தலைக்கு மேலே ஒரு வாரை விட்டு அதில் கட்டித் தொங்கவிடுவார்கள். தாயிடமிருந்து மகளுக்கு வரும், அல்லது கணவன் கொடுப்பான். கணவன் மாட்டை விற்றுத் தங்கம் வாங்கிக் கொடுத்தாலும், கொடுத்த பிறகு அது மனைவியுடையது. சிறிய ஜோடியில் தொடங்கி, கைக்குக் காசு வரும்போது அதை அழித்துப் பெரிய ஜோடியாகச் செய்துகொள்வார்கள். மந்தை ஆணுடையது, காது பெண்ணுடையது என்ற இந்தப் பிரிவினையை, நிலம் ஆணுடையது, தண்டட்டி பெண்ணுடையது என்று எழுமலையில் எழுதிக்கொள்ளலாம். இதற்கு இரு நாட்டுக்கும் பழைய உறவு எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. அரிக்கமேட்டில் செய்யப்பட்ட வகைக் கண்ணாடி மணிகள் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தெற்கு ஆப்பிரிக்காவிலும் கிடைத்திருப்பது உண்மை. செங்கடல் கரையில் குசேர் அல்-காதிமில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடு கிடைத்ததும் உண்மை. ஆனால் அந்த வணிகம் மாலியின் மேய்ச்சல் நிலத்துக்கும் நம் மேட்டு நிலத்துக்கும் பாலம் போடவில்லை. ஒரே மாதிரியான நெருக்கடிக்கு இரண்டு ஊர்ப் பெண்கள் தனித்தனியாகக் கண்ட விடை என்பதுதான் இதில் எனக்குச் சுவையாகப் படுகிறது.

எழுமலையின் நெருக்கடி மண்ணிலிருந்தே தொடங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம்தான்; ஆனால் மழை மறைவுப் பக்கம். 1895ல் பெரியாறு அணை முடிந்து, கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை, மேலூர்ப் பக்கமும் அந்தத் தண்ணீரைக் கண்டன; இந்த மேட்டுக்கு அது ஏறவில்லை. கிணறு, கண்மாய், வானம் என்று மூன்றை நம்பிச் சோளமும் குதிரைவாலியும் பருத்தியும் விளைந்த ஊர்கள். விதைக்கும் காலத்தில் கையில் காசு இருக்காது. அப்போது அடகுக்குப் போவதும் அறுவடைக்குப் பின் மீள்வதும் நகைதான். அதோடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்கமும் சேர்ந்துகொண்டது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1910களில் பிறமலைக் கள்ளர்கள் மீது பாய்ந்தது. ஊர் ரேகைச் சட்டம் என்று சொன்ன அந்தச் சட்டப்படி ஆண்கள் விரல் ரேகை பதிக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்திலோ குறிப்பிட்ட இடத்திலோ போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். எழுமலை வட்டாரத்திலேயே உள்ள பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947ல் சட்டம் நீங்கும் வரை ஒரு தலைமுறைக்கு மேல் இப்படிப் போனது. ஆண் எப்போது உள்ளே போவான் என்று தெரியாத வீட்டில், அவன் பெயரில் இல்லாத, பெட்டியில் பூட்டாத, இரவிலும் உடம்பைவிட்டு இறங்காத சொத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை.

இதைப் படிக்கும் ஒருவர், பெண்ணுரிமைப் பொற்காலம் ஒன்றை நான் கட்டிவிடுகிறேன் என்று சொல்லலாம். நியாயமான கேள்வி. தண்டட்டி எல்லோர் காதிலும் இருக்கவில்லை. கூலி வேலை செய்த குடும்பங்களில் வடித்த காதில் ஈயமும் பித்தளையும் தொங்கியது உண்டு. தங்கம் யார் போடலாம் என்பதே சாதிச் சண்டையாக இருந்தது. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் அங்குள்ள கள்ளர்கள் ஆதி திராவிடர்கள்மேல் எட்டுக் கட்டுப்பாடுகளை விதித்தார்கள். அவற்றில் முதலாவது, தங்கம் வெள்ளி நகை போடக் கூடாது என்பது. மீறியவர்கள் தாக்கப்பட்டார்கள், அவர்களுடைய வீடுகள் கொளுத்தப்பட்டன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஜே.எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு சாதிப் பெண்ணின் காதில் சொத்தாகத் தொங்கியது, இன்னொரு சாதிப் பெண்ணின் காதில் குற்றமாகப் பார்க்கப்பட்டது. இதை மறைத்துவிட்டுத் தண்டட்டியைப் பாடுவது பொய். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதி செய்கிறது. வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் அதைத் தடுக்க யாரும் கம்பைத் தூக்கியிருக்க மாட்டார்கள். சொத்து என்று தெரிந்ததால்தான் தடுத்தார்கள். இன்னொரு மறுப்பும் உண்டு: பெண்ணின் பெயரில் இருந்தாலும் அடகு வைத்ததும் விற்றதும் ஆண்கள்தானே? பல வீடுகளில் அப்படித்தான். ஆனால் தண்டட்டிக்கு ஒரு விசேஷம் இருந்தது. சங்கிலியைக் கழற்றினால் சேலைத் தலைப்பு மறைத்துவிடும். வடிந்த காதில் தண்டட்டி இல்லையென்றால் மறைக்க வழியில்லை. வெறும் தோல் ஆடுவதை ஊரே பார்க்கும். காது மூளியாக இருக்கிறதே என்று தண்ணீர்க் குடத்தோடு வருகிறவள் கேட்பாள், அண்ணன் தம்பி வந்தால் கேட்பார்கள். எடுத்தவன் மீட்டுத் தர வேண்டிய நிர்ப்பந்தம் அந்த வெறுங்காதிலேயே இருந்தது. எந்தப் பத்திரமும் தராத பாதுகாப்பு அது.

அப்படியானால் ஏன் போயிற்று? வழக்கமான பதில் நாகரிகம். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் வந்தன, பெண்பிள்ளைகள் படிக்கப் போனார்கள், சினிமா பார்த்தார்கள், வடிந்த காதுக்கு வெட்கப்பட்டார்கள், மருத்துவமனையில் அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். இதெல்லாம் நடந்ததுதான். 1950க்குப் பிறகு பிறந்தவர்களில் காது வடித்தவர்களைத் தேட வேண்டும். இரண்டாவது பதில் சட்டம்: 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாடு 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யத் தடை போட்டது, ஆசாரிகள் பலர் வேலையிழந்து வேறு பிழைப்புக்குப் போனார்கள், பின்னால் வந்த 1968ஆம் ஆண்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. கல் தோடும் ஜிமிக்கியும் செய்யத் தெரிந்த கைகள் மீண்டும் பட்டறைக்கு வந்தன. தண்டட்டி செய்யத் தெரிந்த கைகளுக்குத் திரும்பி வர ஆர்டர் இல்லை. இந்த இரண்டு பதில்களும் காது ஏன் சிறுத்தது என்பதை விளக்குகின்றன. தங்கம் ஏன் கைமாறியது என்பதை விளக்கவில்லை. காது சிறுத்ததால் தங்கம் குறையவில்லை. கழுத்துக்கும் கைக்கும் போயிற்று, கூடவும் செய்தது. மாறியது சீரின் திசை. பரிசம் போட்டுப் பெண் எடுத்த சாதியில், சவரன் கணக்குப் பேசி மாப்பிள்ளை எடுக்கும் வழக்கம் வந்தது. 1959ல் வைகை அணை திறந்த பிறகு பாசனம் கிடைத்தவர்களிடம் காசு புழங்கியதும், அந்தக் காசு வரதட்சணையாக உருவெடுத்ததும், இல்லாதவர்களும் அதே அளவுக்கு எட்டிப் பிடிக்க வேண்டி வந்ததும் ஆய்வாளர்கள் பலர் சுட்டிய தொடர்ச்சி. 1961ல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. வழக்கம் அதற்குப் பிறகுதான் இங்கே வேர் பிடித்தது. 1986 ஜூனில் 'இந்தியா டுடே' உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலையைப் பற்றி எழுதியபோது பெற்றோர் சொன்ன காரணம் வரதட்சணை. அந்தக் கொடுமை ஒரு சாதிக்கோ ஒரு வட்டாரத்துக்கோ உரியதல்ல, சேலத்திலும் தர்மபுரியிலும் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்டட்டி போனதால் சிசுக்கொலை வந்தது என்று நான் சொல்லவில்லை. பெண்ணின் கையிருப்பாக இருந்த தங்கம் பெண்ணைப் பெற்றவர்களின் கடனாக மாறிய அதே முப்பது ஆண்டுகளில்தான் இரண்டும் நடந்தன என்கிறேன்.

சட்டப்படி அந்தத் தங்கம் இன்றும் பெண்ணுடையது என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். உண்மை. சீதனம் மனைவியின் முழுச் சொத்து, கணவன் வெறும் காப்பாளன் என்று உச்ச நீதிமன்றம் 1985ல் பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது. 1989ல் தமிழ்நாடு பெண்களுக்குப் பூர்வீகச் சொத்திலும் சம பங்கு தந்தது. இவற்றோடு ஒப்பிட்டால் தண்டட்டி தந்த உரிமை அற்பம். ஆனால் உரிமை என்பது தீர்ப்பில் இருப்பது ஒன்று, நடைமுறையில் கைக்கு எட்டுவது ஒன்று. பேசி முடித்த சவரனை மணமேடையில் எண்ணி, மறுவாரம் மாமியார் பீரோவில் பூட்டிவிட்ட பிறகு, அதை மீட்கப் பெண் வழக்குத்தான் போட வேண்டும். கிழவி வழக்குப் போடவில்லை. அது அவள் காதிலேயே இருந்தது.

மாலியிலும் அந்தக் காதணி மறைந்து வருகிறது. ஆனால் போன விதம் வேறு. 1970களிலும் 80களிலும் சஹேல் பகுதியில் வறட்சி வந்து மாடுகள் செத்தபோது பெரிய ஜோடிகள் பல விற்பனைக்கு வந்தன. தங்கம் எட்டாக்கனியான பெண்களுக்காக, திம்புக்துவில் மெழுகும் சாயம் ஏற்றிய வைக்கோலும் கொண்டு தங்கம்போலவே நகை செய்து விற்கும் தொழில் உண்டு. இப்போது பித்தளையில் முலாம் பூசிய ஃபுலானிக் காதணி உலகெங்கும் அன்பளிப்புப் பொருளாகக் கிடைக்கிறது. நம் பாம்படமும் அதே வழியில் முலாம் பூசிக்கொண்டு, துளை பெரிதாக இல்லாத காதுக்கேற்ற கொக்கியோடு வந்துவிட்டது. போலியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அழகாக இருந்தால் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் அங்கே அசல் தங்கம் போனபோது, அது எதற்காகச் சேர்க்கப்பட்டதோ அந்த வேலையைச் செய்துவிட்டுப் போனது: பஞ்சத்தில் வீட்டுக்குச் சோறு போட்டது. இங்கே பெரும்பாலான தண்டட்டிகள் உருக்குச் சட்டிக்குப் போனது, பேத்தி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கணக்கைச் சரிக்கட்ட. 2023ல் வந்த 'தண்டட்டி' திரைப்படம் இறந்த கிழவியின் காது நகையைத் தேடி அலையும் கதையை எடுத்துக்கொண்டது. கிழவி கண்ணை மூடினால் அது மகளுக்கா மகனுக்கா என்ற சச்சரவு இந்த வட்டாரத்து வீடுகளுக்குப் புதிதல்ல என்பதால் படத்தின் முடிச்சை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அருங்காட்சியகங்களில் தண்டட்டியோ பாம்படமோ இருந்தால் பக்கத்தில் உள்ள சீட்டில் ஊர், உலோகம், நூற்றாண்டு மூன்றும் இருக்கும். போட்டிருந்தவள் பெயர் இருக்காது. ஃபுலானிக் காதணிகளுக்கும் அதே கதிதான். எழுமலைப் பக்கம் இன்னும் சில வீடுகளில் அரிசிப் பானைக்குள்ளும் பீரோ மூலையிலும் துணியில் சுற்றிய தண்டட்டிகள் இருக்கின்றன. தங்கம் விற்கும் விலைக்கு அவற்றை அழிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அழிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து, எடையைக் குறித்து, அதைச் செய்தவர் யார், யார் யாருக்குப் போட்டது, எத்தனை முறை, எதற்காக அடகுக்குப் போய் எப்படி மீண்டது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். கணக்கெழுதத் தெரியாத பெண்கள் நடத்திய வரவுசெலவுக்கு வேறு பதிவேடு கிடையாது.